விலை முறை மாறினால் விளையாட்டும் மாறும்

இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் இச்சட்டம், இரண்டே நாள்களில் இரு அவைகளையும் கடந்துவிட்டது. அதன் பின்னர் எழுந்த விவாதங்களில் நிறுவனங்கள் வேலையிழப்பைப் பற்றிப் பேசின. அரசு, குடும்பங்களின் கடனையும் தற்கொலைகளையும் சுட்டிக்காட்டியது. வரி வல்லுநர்கள் வருவாய் இழப்பைக் கணக்கிட்டனர். விளையாடுபவர்களின் குரல் மட்டும் இவற்றுக்கிடையே அரிதாகவே கேட்டது.

விளையாடுபவரின் கருத்து என்றதும் அதை ரசனை சார்ந்த செய்தியாக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் அதை ஒரு சான்றாகவே பார்க்கிறேன். ஒரே விளையாட்டை ஒரே மனிதர் ஓரிடத்தில் புகழ்கிறார், மற்றோரிடத்தில் குறைகூறுகிறார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய ரசனை மாறியிருக்க வேண்டியதில்லை. அவர் பணம் செலுத்தும் முறை மாறியிருந்தாலே போதும். இதைப் புரிந்துகொண்டால், புதிய சட்டம் எதைப் பிடித்திருக்கிறது, எதைத் தவறவிட்டிருக்கிறது என்பது விளங்கும்.

கூடத்திலிருந்து வீட்டுக்கு

பழைய எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஜப்பானின் சேகா நிறுவனம் 1990களின் நடுவில் ‘வர்ச்சுவல் ஆன்’ என்ற விளையாட்டை, காசு போட்டு ஆடும் இயந்திரக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. இரண்டு ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் அது. ஆடுபவர் இரு கைகளிலும் இரு பிடிகளைப் பற்றியபடி அமர்ந்திருப்பார். எதிராளிக்குத் தனித் திரை, தனி இருக்கை. 1996 இறுதியில் அதே ஆட்டம் ‘சாட்டர்ன்’ என்னும் வீட்டுக் கருவிக்கு வந்தது. கூடத்து இயந்திரத்தின் வலிமை வீட்டுக் கருவிக்கு இல்லை என்பதால் படத்தின் தெளிவு குறைந்தது. இருவர் ஆடினால் ஒரே தொலைக்காட்சித் திரையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரட்டைப் பிடி வேண்டுமென்றால் ஜப்பானில் அதைத் தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டும்; இல்லையேல் வழக்கமான பொத்தான்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த வீட்டுப் பதிப்பைப் பற்றி ஆடியவர்கள் சொல்லும் குறைகள் இவைதாம்: பாதித் திரை, மங்கிய படம், பொத்தான்களில் வராத பிடியின் உணர்வு. நிறையும் உண்டு. தோற்றால் அடுத்த காசுக்குச் சட்டைப்பையைத் துழாவ வேண்டியதில்லை. ஒரே எதிராளியிடம் நூறு முறை தோற்று, நூற்றோராவது முறை வெல்லக் கற்றுக்கொள்ளலாம். தொழில்நுட்ப அளவில் குறைந்துபோன பொருளை அவர்கள் விரும்பி ஏற்றதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டு இளைஞர்கள் நன்கறிந்த ‘டெக்கன் 3’ இன்னும் தெளிவான சான்று. நாம்கோ நிறுவனத்தின் இந்தச் சண்டை விளையாட்டு 1997இல் கூடங்களுக்கும், 1998இல் பிளேஸ்டேஷன் கருவிக்கும் வந்தது. ‘கன் ஜாக்’ என்ற ரோபோவும் அதில் ஒரு வீரன். வீட்டுப் பதிப்பில் பின்னணிக் காட்சிகள் எளிமையாக்கப்பட்டன. ஆனால், கூடத்தில் இல்லாதவையும் அதில் சேர்ந்தன: தெருத்தெருவாகச் சென்று எதிரிகளை வீழ்த்தும் தனி ஆட்டம், பந்தை அடித்து எதிராளியை வீழ்த்தும் இன்னொரு ஆட்டம், கூடுதல் வீரர்கள். இவை ஏன் சேர்க்கப்பட்டன? முழு விலையையும் ஒரே தவணையில் கொடுத்தவர், ‘கொடுத்த காசுக்கு எத்தனை மாதம் ஆடலாம்?’ என்று கேட்பார். கூடத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை. ‘இந்தக் காசுக்கு எத்தனை நிமிடம்?’ என்பதே அங்குள்ள கேள்வி.

மூன்று விலை, மூன்று வடிவம்

பொருளியலில் இறுதிநிலை விலை என்று ஒன்றுண்டு. ஏற்கெனவே நுகர்ந்ததற்கு மேல் இன்னும் ஓர் அலகு நுகர நாம் கொடுக்கும் விலை அது. இயந்திரக் கூடத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த விலை உண்டு. எனவே ஆட்டம் சீக்கிரம் முடிந்து, அடுத்தவர் காசு போடுவதே கூடக்காரருக்கு இலாபம். விளையாட்டும் அதற்கேற்பக் குறுகியதாக, கடினமானதாக அமைகிறது. வீட்டுக் கருவியில் நுழைவு விலை அதிகம், இறுதிநிலை விலை சுழியம். எனவே நீண்ட நாள் அலுக்காத பொருளைத் தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு ஏற்படுகிறது.

இன்றைய கைபேசி விளையாட்டு மூன்றாவது வகை. நுழைவு இலவசம், ஆடுவதும் இலவசம். பிறகு ஆடை, ஆயுதம், காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் சலுகை என்று துண்டுதுண்டாக விற்பனை நடக்கிறது. பெரும்பாலோர் எதுவும் வாங்குவதில்லை. வாங்கும் சிலரிடமிருந்தே வருவாய் வருகிறது. அந்தச் சிலரைக் கண்டறிந்து, அவர்கள் பொறுமை இழக்கும் நொடியில் விலைச்சீட்டை நீட்டுவதே வடிவமைப்பின் திறமையாகிவிடுகிறது.

இந்தியாவில் இரண்டாவது வகை பரவலாக வேரூன்றவே இல்லை. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் கருவியை இங்கே விற்க முன்வந்தபோது விலை 18,000 ரூபாய். இறக்குமதித் தீர்வை 80 விழுக்காடாக இருந்த காலம் அது. நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியவை மலிவான நகல் ‘டிவி கேம்’ கருவிகளும், அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிய கடைகளும்தாம். பார்லர்களில் இயந்திரங்களைத் திருத்தி ஆடுபவரை ஏமாற்றும் வழக்கமும் இருந்தது. வீடியோ கேம் கூடங்களுக்கு உரிமம் தேவை என்ற கட்டுப்பாடு செல்லும் என 1995இல் எம்.ஜே. சிவானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடம் பொது இடமாக இருந்ததால், காவல் துறை உள்ளே சென்று பார்க்க முடிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்லவும் முடிந்தது. ஆட்டம் கைபேசிக்குள் போன பிறகு அந்த இரண்டு கண்களும் இல்லை.

எண்ணிக்கைக் கூலியின் பாடம்

பணம் தரும் முறை மனிதரின் நடத்தையை மாற்றும் என்பதை எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிவகாசி, திருத்தங்கல், ஆனைக்குட்டம் வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கூலிதான். கட்டை அடுக்கினாலும் பெட்டி ஒட்டினாலும் முடித்த எண்ணிக்கைக்கே காசு. நாள் கூலிக்கு வேலை செய்பவரின் கை ஒரு வேகத்தில் இயங்கும். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவரின் கை வேறொரு வேகத்தில் இயங்கும். வெடிமருந்து உள்ள அறையில் அந்த வேகம் ஆபத்தாக முடியலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆலையில் செய்த வேலை வீட்டுக்கு வந்தபோது சங்கொலி நின்றது. பெட்டி ஒட்டும் வேலைக்குத் தொடக்க நேரமும் இல்லை, முடியும் நேரமும் இல்லை. சமையலுக்கு நடுவிலும், தொலைக்காட்சி பார்க்கும்போதும், தூக்கத்துக்கு முன்பும் கைகள் ஓடிக்கொண்டேயிருக்கும். கூடத்தில் ஆடிய விளையாட்டு வீட்டுக்கும், வீட்டிலிருந்து சட்டைப்பைக்கும் வந்தபோது நேர்ந்ததும் இதுவே.

ஆனைக்குட்டத்தில் மாலை வேளைகளில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம் அவ்வப்போது பேசுவதுண்டு. பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் போகிறவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள். அவர்களுடைய கருத்துகளை ஒழுக்கப் பாடமாகக் கேட்காமல் நுகர்வோர் கருத்தாகக் கேட்டால் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, “நல்லா ஆடுறவன் ஜெயிக்கிறதில்ல சார், காசு போட்டவன்தான் ஜெயிக்கிறான்” என்பது. இரண்டாவது, ரூபாயை வைரமாகவும் நாணயமாகவும் மாற்றிவிடுவதால் மாதம் எவ்வளவு செலவானது என்றே தெரிவதில்லை என்பது. மூன்றாவது, விளையாட்டையே ஒருநாள் நிறுத்திவிட்டால் வாங்கியதெல்லாம் என்னவாகும் என்பது.

மூன்றாவது அச்சம் வெறும் கற்பனையன்று. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டு வேறு பெயரில் வந்த அதன் இந்தியப் பதிப்பு, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. அந்தப் பதிப்பு அறிவிக்கப்பட்டபோது, 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 7,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. எங்கள் ஊர்த் தொழிலாளி ஒருவரின் வாரக் கூலியைவிடப் பெரிய தொகை அது. வரம்பு என்ற சொல்லைக் கேட்டு யாரேனும் ஆறுதல் அடைந்திருந்தால், அவர் இந்த ஊர்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்திராதவர்.

சட்டம் பார்க்கும் கோடு

புதிய சட்டம் விளையாட்டுகளை மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று பிரிக்கிறது. பண விளையாட்டை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்று பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நீண்ட வாதத்தைச் சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்கவில்லை என்பதை நினைவிற்கொண்டால், இது முக்கியமான திருப்பம். சூதாட்டச் செயலிகளால் சிதைந்த குடும்பங்களை அறிந்த எவரும் இந்தத் தடையை எளிதில் குறைகூற மாட்டார்கள்.

ஆனால் ‘வெல்லும் எதிர்பார்ப்போடு பணம் கட்டுதல்’ என்ற இடத்தில்தான் சட்டம் கோடு போடுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? கிடைக்கும் வாளையோ சட்டையையோ ரூபாயாக மாற்ற முடியாதென்றால் அது சமூக விளையாட்டா? சட்டம் இதைப் பெயர்சொல்லித் தீர்க்கவில்லை. ஜப்பான் 2012லேயே, பல பெட்டிகளின் பரிசுகளைச் சேர்த்தால்தான் பெரும் பரிசு என்ற விற்பனை முறையைத் தடுத்தது. பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டமென்றே அறிவித்தது. இரு நாடுகளும் விளையாட்டை விட்டுவிட்டு விலை முறையைப் பிடித்தன.

விளையாட்டுக்கு அடிமையானவரின் கருத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணிக்கைக் கூலியை நிறுத்தலாமா என்று தொழிலாளியைக் கேட்டால், ‘வேண்டாம், வருமானம் குறையும்’ என்று அவரும் சொல்லக்கூடும். அதற்காக எந்த அறையில் நெருக்கடி, எந்த மாதத்தில் அவசரம் என்று அவர் தரும் தகவலை ஆய்வாளர் தள்ளிவிட முடியாது. விளையாடுபவரின் கருத்தைத் தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை, சாட்சியமாகப் பதிவுசெய்யலாம். எந்த நொடியில் கை பணப்பொத்தானுக்குப் போகிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் வடிவமைப்பாளர் ஒருவர்தான். அவர் நம்மிடம் சொல்லப்போவதில்லை.

செய்யக்கூடியவை புதியவையோ கடினமானவையோ அல்ல. விளையாட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு விற்பனையின் விலையும் ரூபாயில் காட்டப்பட வேண்டும். அந்த மாதத்தின் மொத்தச் செலவும் அதனருகே தெரிய வேண்டும். அதிர்ஷ்டப் பெட்டியில் எந்தப் பொருள் கிடைக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பது வாங்குமுன் தெரிய வேண்டும். சேவையை நிறுத்தும் நிறுவனம் முன்னறிவிப்பும், அண்மையில் வாங்கியவற்றுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வழியும் தர வேண்டும். நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 வகை இணைய உத்திகளைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. பொய்யான அவசரமும் மறைத்துக் காட்டும் விலையும் அந்தப் பட்டியலில் உள்ளன. விளையாட்டுச் செயலிகளிடம் அவற்றைக் கண்டிப்பாகச் செயல்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

மீதிப் பாதிக்கு, புதிய சட்டம் வழிசெய்துள்ள ஆணையம் விளையாடுபவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பெருநகரத்துப் போட்டி வீரர்களை மட்டும் அழைத்தால் போதாது. வாரக் கூலி வாங்கிய சனிக்கிழமை இரவில் செலவிடுபவர்கள் இருக்கும் சிவகாசி போன்ற ஊர்களிலும், தமிழிலும், அந்தக் கூட்டங்கள் நடக்க வேண்டும். தடை தேவைப்படும் இடத்தை அரசு கண்டுவிட்டது. தடைசெய்யப்படாமல் நம் பிள்ளைகளின் கையில் எஞ்சியிருக்கும் விளையாட்டுகள், எந்த விலை முறையில் இயங்கப்போகின்றன என்பதே இனி முடிவாக வேண்டிய விஷயம்.