பெற்றரியை மாற்றுமுன் மீற்றரை வையுங்கள்

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் பக்கத்து வயல்களுக்குப் போகிறவருக்கு மோட்டார் சைக்கிள்தான் எல்லாம். பசளை மூட்டையும் மருந்தடிக்கும் கருவியும் அதிலேதான் போகின்றன. விடியற்காலையில் அதன் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த, "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால் கராஜில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பெற்றரி முடிஞ்சி தம்பி, புதுசு போடணும்." அளந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்தப் பதில், கஷ்டப்பட்டு உழைத்தவரின் பணத்தை வீணாக்குகிறது.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். புதியது வாங்க முடியாமல் பழைய பைக்குகளையே எல்லோரும் கட்டிக் காத்தார்கள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அப்படிப்பட்ட பைக் ஓடாமல் நின்றால் அதன் ஈய அமிலப் பெற்றரி தானாகவே சார்ஜ் இழக்கும், தகடுகளில் சல்பேற் படியும். ஆகவே முதலில் பெற்றரியைச் சந்தேகிப்பதில் தவறில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நிமிடம் செலவழிக்காததுதான் தவறு.

சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும். நல்ல 12 வோல்ட் பெற்றரி ஓய்வில் 12.6 அளவில் காட்டும். 12க்குக் கீழே இருந்தால் முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் பொத்தானை அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பெற்றரியை மாற்றலாம். அதோடு விட்டுவிடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுச் சற்று முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஆகும் பகுதியில் பழுது. அதைப் பார்க்காமல் புதுப் பெற்றரி போட்டால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடும்.

"லைட் எரியுதே, ஹோர்ன் அடிக்குதே, பெற்றரிக்கு என்ன?" என்று வாதிடுவோரும் உண்டு. 35 வாட் ஹெட்லைட்டுக்கு 3 அம்பியர் மட்டில் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ பல பத்து அம்பியர் வேண்டும். லைட் எரிவதை வைத்துப் பெற்றரி நல்லதென்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கரையோரத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஏர்த் வயர். திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. வயர் எஞ்சினில் பூட்டப்பட்ட இடத்தில், போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். வெளியே இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே கரண்ட் சரியாகப் பாயாது. மீற்றரின் ஒரு முனையைப் பெற்றரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் பழுது அங்கேதான். கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினால் பல பைக்குகள் அங்கேயே எழும்பிவிடும். செலவு ஒரு தேநீர்க் காசு.

வயர்கள் சுத்தமாக இருந்தும் "டிக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் தேய்ந்ததற்கு முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வது அநியாயம். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் எஞ்சின் அசையாவிட்டால் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. எந்தச் சத்தமுமே இல்லையென்றால் பியூஸ், ஸ்டார்ட் பொத்தான், கிளட்ச் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மின் ஸ்டார்ட்டர் கைவிட்டால் உதவுவது காலால் உதைக்கும் கிக்கர்தான். ஹொண்டா சுப்பர் கப் பைக்குக்கு 1960இலேயே மின் ஸ்டார்ட்டர் வந்தபோதும் கிக்கர் கூடவே இருந்தது. 2021இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350இல் கிக்கரே இல்லை. கிக்கர் உள்ள பழைய பைக் வைத்திருப்பவர்கள் அதைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருப்பது நல்லது.

தொழிற்பயிற்சி நிலையங்கள் பார்ட்ஸ் மாற்றுவதைக் கற்பிக்கும் அக்கறையோடு மீற்றர் பிடித்துப் பழுதைத் தேடுவதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். கராஜுக்குப் போகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "பாஸ், முதல்ல மீற்றர வெச்சிப் பாருங்க. மாத்தினா பழைய சாமான என்ட கையில தாங்க."