வவுச்சர் எங்கே?

நண்பரின் பையன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்கையை நீட்டினான். கூர்நுனி வைத்த மூன்று இலைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொண்ட மாதிரி ஒரு பச்சை. ஸாரி, டாட்டூ. பச்சை என்று சொன்னால் பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறதாம்.

"என்னப்பா இது?"

"கெல்டிக் ட்ரினிட்டி நாட், அங்கிள். மூவாயிரம் வருஷத்து சிம்பல். கன்னி, தாய், கிழவின்னு பெண் தெய்வத்தோட மூணு நிலை. ட்ரூயிட்ஸ் யூஸ் பண்ணினது."

"யார் சொன்னா?"

"கடையில சார்ட் இருந்துச்சே!"

சார்ட்டை செல்போனில் படம் எடுத்தும் வைத்திருந்தான். இடது பக்கம் படம், வலது பக்கம் அர்த்தம். முடிச்சு என்றால் முடிவில்லாக் காதல். சுழி என்றால் மறுபிறவி. காக்கை என்றால் பாதுகாப்பு. ஓட்டல் மெனு கார்டு தோற்றது, போங்கள்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த விஷயம், வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி போடாதே என்பது. அந்த சார்ட்டில் முக்கால்வாசி எண்ட்ரிக்கு வவுச்சரே கிடையாது.

முதலில் ட்ரூயிட்கள். பழைய கெல்டிக் மக்களின் பூசாரிகள். அவர்களைப் பற்றி விவரமாக எழுதி வைத்தவர் அவர்களோடு சண்டை போட்ட ஜூலியஸ் சீசர். சிலர் இருபது வருஷம்கூட உட்கார்ந்து பாட்டுகளாக மனப்பாடம் செய்வார்கள், தங்கள் போதனையை எழுதிவைப்பதைத் தவறு என்று நினைத்தார்கள் என்கிறார். ஆக, ஒரு வரிகூட எழுதி வைக்காத ஆசாமிகள். அவர்கள் மனசில் எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் இருந்தது என்று ஒரு லேமினேஷன் அட்டைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இரண்டாவது, அந்த முடிச்சு. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கும் 'புக் ஆஃப் கெல்ஸ்' கி.பி. 800 வாக்கில் உருவானது. உள்ளே இருப்பது லத்தீனில் நான்கு சுவிசேஷங்கள். கன்றுக்குட்டித் தோலில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் நம் ஊர் சிக்குக் கோலம் மாதிரி கோடு விட்டு கோடு தாண்டி இழைத்திருக்கிறார்கள். (தோல் சமாசாரம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. கன்றுக்குட்டியை யாரும் சம்மதம் கேட்கவில்லை.) பின்னல் வேலை அவர்களுக்கே சொந்தமும் இல்லை. ரோமானியத் தரைச் சித்திரங்களில் இருக்கிறது, எகிப்தின் காப்டிக் கலையில் இருக்கிறது, ஜெர்மானியர்களின் நகைகளில் இருக்கிறது. 'இந்த முடிச்சுக்கு இன்ன பொருள்' என்று அந்தத் துறவிகள் எந்த அட்டவணையும் விட்டுப்போகவில்லை. 1951-ல் இந்தப் பின்னல்களை எப்படிப் போடுவது என்று புத்தகம் போட்ட ஸ்காட்லாந்து டிராயிங் வாத்தியார் ஜார்ஜ் பெய்ன் புண்ணியத்தில்தான் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனது.

சரி, கன்னி-தாய்-கிழவி? அதைப் பிரபலப்படுத்தியவர் ராபர்ட் கிரேவ்ஸ் என்கிற ஆங்கிலக் கவிஞர். 1948-ல் வந்த 'தி ஒயிட் காடஸ்' புத்தகத்தில். பிறந்த தேதிக்கு ஒரு மரம் என்று ஜோசியம் சொல்கிறார்களே, 'கெல்டிக் மர ராசி', அதற்கும் மூலம் அதே புத்தகம்தான். கவிஞர் கற்பனை செய்வது அவர் தொழில், தப்பில்லை. 1998-ல் ஆரம்பித்த 'சார்ம்ட்' என்ற அமெரிக்க டி.வி. சீரியலில் மூன்று சூனியக்காரிச் சகோதரிகளின் மந்திரப் புத்தக அட்டையில் இதே முடிச்சு ஏறியது. மூவாயிரம் வருஷம் என்றானே, அந்த அர்த்தத்துக்கு என் அப்பா வயசுகூட இல்லை.

மூன்று சுழி இன்னும் தமாஷ். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டுக்குள் கல்லில் செதுக்கியிருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கிஸா பிரமிடைவிட மூத்தது. கெல்டிக் என்று நாம் சொல்லும் கலாசாரம் ஐரோப்பாவில் தலைகாட்டவே அதற்கப்புறம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது. செதுக்கியவர்கள் யார், என்ன பாஷை பேசினார்கள் என்பதே தெரியாது. சார்ட்டுக்கு மட்டும் தெரிகிறது, மறுபிறவி என்று!

"அர்த்தம் நாம கொடுக்கறதுதானே அங்கிள்?" என்றான் பையன். தாராளமாகக் கொடு. ஆனால் உன் பேரில் கொடு. நீயே எழுதிய பில்லில் ட்ரூயிட் கையெழுத்தைப் போட்டால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

இது வெறும் வறட்டு வாதம் என்று நினைத்தால், அதே சார்ட்டில் இருக்கும் வட்டத்துக்குள் சிலுவையைப் பாருங்கள். 'ஆன்மிகச் சமநிலை' என்று போட்டிருக்கிறது. அயர்லாந்துக் கல்லறைகளில் நிற்கிற உயரமான கற்சிலுவை சாதுவானது, பக்தியானது. ஆனால் அதையே குட்டையாக்கி, நாலு கையும் சமமாக வைத்து வட்டத்துக்குள் அடைத்த வடிவத்தை வெள்ளை இனவெறியர்கள் எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. 1995-ல் தொடங்கிய ஸ்டார்ம்ஃப்ரண்ட் என்ற இனவெறி இணையதளத்தின் சின்னமே அதுதான். எந்தக் கும்பல் யாரை உதைப்பதற்கு முன் அதை மாட்டிக்கொள்கிறது என்று தெரியாமல், கறுத்த தோலில் அதைக் குத்திக்கொண்டு மேல்படிப்புக்கு ஐரோப்பா போகப்போகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. வவுச்சர் உள்ள ஒரே பயங்கர அர்த்தம் அது. சார்ட்டில் இல்லை.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், அயர்லாந்தில் நிஜமான கதைகளுக்கா பஞ்சம்? அந்தக் காக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரிகன் என்ற போர்த் தெய்வம் குஹுலின் என்ற மாவீரனிடம் காதல் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். விலாங்காகவும் ஓநாயாகவும் கொம்பில்லாத பசுவாகவும் வந்து அவன் சண்டைக்கு நடுவே குறுக்கிடுகிறாள். கடைசியில் அவன் நின்றபடியே சாகவேண்டும் என்று தன்னை ஒரு கல்லில் கட்டிக்கொள்கிறான். செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் எதிரிகள் கிட்டே வரப் பயப்படுகிறார்கள். தோளில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததும்தான் தைரியம் வருகிறது. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் அந்தச் சிலை இருக்கிறது, தோளில் காக்கையோடு. இதைத்தான் 'பாதுகாப்பு' என்று விற்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு?

பையன் கொஞ்ச நேரம் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இதுக்கு என்னதான் அங்கிள் அர்த்தம்?"

"பைபிள் பிரதி எடுத்த சாமியார் ஒருத்தர், ஓரத்துல இடம் காலியா இருக்கேன்னு போட்டு நிரப்பியிருப்பார்."

"பரவால்லையே" என்றான். பிறகு, "காக்கா கதைய இன்னொரு தடவ சொல்லுங்க" என்று இன்னொரு கையின் சட்டையை மடிக்க ஆரம்பித்தான்.