வெத்துக்காட்டில் பூக்கும் வெங்காயம்

மாசி கடைசியில் சேலம், நாமக்கல் பக்கத்துக் கரடுகளில் காய்ந்த புல்லும் முள்ளும்தான் கண்ணில் படும். ஊர்க்காரர்களே அதை வெத்துக்காடு என்பார்கள். குனிந்து பார்த்தால் சரளைக்குள்ளிருந்து ஒரு மொட்டைத் தண்டு நிமிர்ந்து நிற்கலாம். இலை ஒன்றுகூட இருக்காது. நுனியில் பழுப்பும் பச்சையும் கலந்த வெளிறிய மணிப்பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும்.

நரிவெங்காயம் அது. மழை விழுந்த பிறகுதான் இலை வரும். கோடையைத் தரைக்கடியில் குமிழாகவே கழித்துவிடும். குமிழை அறுத்தால் அசல் வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும். சாறு பட்டால் தோல் அரிக்கும். உள்ளே போனால் இதயத்தையே பாதிக்கும் நஞ்சு. அதே சரக்கை அளவாகச் சேர்த்துச் சளி மருந்து செய்தார்கள். பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பிலும் அதற்கு இடம் இருந்தது.

ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் பனி உருகியதும் நீலமாகப் பூக்கும் ஸ்கில்லாவுக்கு இது உறவு. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் முதலில் அந்தப் பேரினத்திலேயே இதைச் சேர்த்தார். அங்கே அந்தப் பூவைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இங்கே பொக்லைன் வருகிறது.

மண் எடுப்பதும் கல் உடைப்பதும் தெரிந்த கதை. மரம் நடுவதும் சில இடங்களில் அதே வேலையைச் செய்துவிடுகிறது என்று சொன்னால்தான் பலருக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022இல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியது. நோக்கத்தில் குறையில்லை. ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம் என நட இடமும் நிறைய இருக்கிறது. ஆனால் புறம்போக்குக் கரட்டைத் தரிசு என்று கணக்கெழுதி வரிசையாகக் குழி தோண்டினால், கடப்பாரைக்கு முதலில் சிக்குவது இந்தக் குமிழ்கள்தான். கன்று பிழைத்து நிழல் விழுந்தால், வெயிலுக்குப் பழகிய மற்ற செடிகளும் ஒதுங்கிப்போகும்.

வழி இல்லாமல் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002இலேயே வந்துவிட்டது. அதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். மதுரை அரிட்டாபட்டியின் பாறைக் குன்றுகள் 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

கரட்டில் குழி தோண்ட அனுமதி தரும் முன் ஊராட்சிகள் அந்தப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதில் கரட்டுக்கென்று பக்கமே இல்லையென்றால் ஆடு மேய்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு பங்குனிக்குள் ஒருமுறை ஏறிப் பார்த்து எழுதட்டும். சித்திரை தாண்டினால் தண்டும் காய்ந்துவிடும்.