பழைய ஜீப்பும் பெரிய டயரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். மனிதனுக்குச் சொன்ன இந்தப் பழமொழி வண்டிக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து வரும் மாணவ நண்பர்களுக்கு ஜீப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நம் தாய்மார்களை ஏற்றிச் செல்வதும், மாலையில் மலையிறக்கி வீடு சேர்ப்பதும் அந்த வண்டிகள்தாம். பொலீரோவாயினும் வேறு எதுவாயினும் எங்களுக்கு எல்லாம் ஜீப்தான். இந்தப் பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் சிலருக்கு இப்போது ஓர் ஆசை பிறந்திருக்கிறது. ஸ்பிரிங்கையோ பாடியையோ உயர்த்தாமல், டயரை மட்டும் பெரிதாக்கிவிடுவது. உயர்த்துவதற்குச் செலவு அதிகம். டயர் எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்பது அவர்கள் வாதம்.

என் மாமாவும் இந்த ஆசைக்கு ஆளானார். அவரிடம் இருப்பது 2008-இல் வாங்கிய பொலீரோ. நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டன. டயர் கடையில் யாரோ 31 அங்குல டயரைக் காட்டியிருக்கிறார்கள். "மாட்டினா யானை மாதிரி நிக்கும் மருமகனே. கல்லு, குழி எதுவும் தட்டாது" என்றார். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நீதான் படிக்கிறியே, சொல்லு பார்ப்போம்" என்று அவர் கேட்டபோது நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

பொலீரோவின் டயர் அளவு 215/75 ஆர் 15. அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ. 31 அங்குல டயரின் விட்டம் 787 மி.மீ. வித்தியாசம் 84 மி.மீ. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான். ஏனென்றால் அச்சு நிற்பது டயரின் நடுவில். 42 மி.மீ. என்பது இரண்டு அங்குலம்கூட இல்லை. மாமா நினைத்த யானை இதிலேயே பாதியாகிவிட்டது.

இந்த உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? முதலாவது, இடம். ஸ்பிரிங் பழைய அளவிலேயே அமுங்கும். டயரோ மேலும் பக்கவாட்டிலும் பெருத்திருக்கிறது. ஆள் நிறைந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது, டயர் மட்காடிலோ சேஸிலோ உரசும். போடிமெட்டுச் சாலையில் இத்தகைய வளைவுகள் 17 இருக்கின்றன. உரசலைத் தவிர்க்க மட்காடை வெட்டுகிறார்கள். ரிம்மை வெளியே தள்ளி மாட்டுகிறார்கள். அப்படித் தள்ளினால் சுமை பேரிங்கில் ஏறுகிறது.

இரண்டாவது, இழுவை. ஒரே முறுக்கு விசையை ஆரம் கூடிய சக்கரத்துக்குக் கொடுத்தால், தரையில் கிடைக்கும் விசை குறையும். நம் கணக்கில் 11 விழுக்காடு குறைவு. இரண்டாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு முதல் கியர் தேவைப்படலாம். கிளட்ச் விரைவில் தேயும்.

மூன்றாவதுதான் என்னை உறங்கவிடாதது. பிரேக்குக்கும் இதே விதிதான். அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை அதே 11 விழுக்காடு குறையும். கியரில் இறங்கும்போது எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் குறையும். போதாததற்கு ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 67-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் மெதுவாகப் போவதாக நினைப்பார். வண்டி வேகமாகப் போகும், நிறுத்தவோ கூடுதலாக மிதிக்க வேண்டும். அந்த இறக்கத்தில், அந்த ஜீப்பின் பின் சீட்டில், என் அம்மா உட்கார்ந்திருப்பாள். என் விடுதிச் செலவும் புத்தகச் செலவும் அவள் ஏலக்காய் பறித்த கூலி.

பெரிய டயரால் நன்மையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கல்லும் குழியும் நிறைந்த தோட்டப் பாதையில் பெரிய சக்கரம் எளிதாக ஏறி இறங்கும் என்பது உண்மை. ஒரே ஒரு படி, அதாவது 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 30 மி.மீ.தான் கூடும், வேகக் காட்டியின் பிழையும் 4 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அதையும்கூட, சுமை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். சட்டத்தையும் மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

மாமாவிடம் இவற்றைச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு மெக்கானிக் அண்ணனிடம் அழைத்துப் போனார். அந்த அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். என் நோட்டைப் பார்க்கவேயில்லை. முன் சக்கரத்தின் கீழ் ஒரு கல்லை வைத்து வண்டியை ஏற்றி, ஸ்டியரிங்கை ஒடித்து, டயருக்கும் மட்காடுக்கும் இடையே விரல்களை நுழைத்துக் காட்டினார். "இவ்வளவுதாண்ணே இடம்" என்றார். நான் மூன்று பக்கத்தில் எழுதியதில் முதல் பக்கத்தை அவர் மூன்று விரலில் சொல்லிவிட்டார். ஆனால் பிரேக் கணக்கை நான் சொன்னபோது அவரும் நின்று கேட்டார். மாமா பழைய அளவிலேயே நான்கு புது டயர் வாங்கினார். மிச்சப்பட்ட பணத்தில் பிரேக் வேலையும் பார்த்தார்.

மாணவ நண்பர்களே! முறுக்கு விசையை நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். ஐந்து மதிப்பெண்ணோடு மறந்துவிடுகிறோம். நம் ஊர்ப் பட்டறைகளிலும் டயர் கடைகளிலும் அதே கணக்கு யாரும் போடாமல் கிடக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும்போது நோட்டையும் எடுத்துப் போவோம். பட்டறைக்காரர் விரலால் காட்டுவதையும் கற்றுக்கொண்டு வருவோம்.