சாவியைக் கொடுத்தவர் யார்?

தோழா!

அமெரிக்க மக்களாட்சியின் கதவை ஒரு மனிதர் உடைத்துவிட்டார் என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். டொனால்டு டிரம்ப் என்ற பெயரைச் சொல்லிப் பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் போனால் எல்லாம் சீராகிவிடும் என்று ஆறுதல் கொள்கிறார்கள். நான் மறுக்கிறேன். அவரிடம் எனக்கு இரக்கம் இருப்பதால் அல்ல. கதவு உடைபடவே இல்லை என்பதால்! உடைத்திருந்தால் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கும். இதுவோ சாவி போட்டுத் திறந்த கதவு. சாவியைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அதைக் காப்பதற்கென்றே மக்கள் வாக்களித்து அனுப்பிய 535 பேர்!

1787இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சட்டம் தீட்டியவர்கள் ஒரு மன்னனின் ஆட்சியில் வாடி, போரிட்டு மீண்டவர்கள். முடி தரித்தவனை விரட்டிவிட்டு, முடி தரியாத மன்னனை அமர்த்திக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. ஆகவே சட்டத்தின் முதல் பிரிவையே நாடாளுமன்றத்துக்கு ஒதுக்கினார்கள். காங்கிரசு என்று அதற்குப் பெயர். நம் நாட்டுக் கட்சியென்று எண்ணிவிடாதே! போரை அறிவிப்பது அந்த மன்றம். கருவூலத்தைத் திறப்பது அந்த மன்றம். அதிபர் எல்லை மீறினால் குற்றம் சாட்டி விலக்குவதும் அந்த மன்றம். தம் மன்றத்தின் உரிமையை வேறொருவர் தொட்டால் உறுப்பினர்கள் சீறி எழுவார்கள் என்று மேடிசன் கணக்கிட்டார். கட்சி என்ற ஒன்று அந்தக் கணக்கையே புரட்டிவிடும் என்பதை அவர் முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை.

போரைப் பார். அந்த மன்றம் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். அதன் பிறகு அமெரிக்கக் குண்டுகள் விழாத ஆண்டுகளைத்தான் தேடவேண்டும்! 1964 ஆகஸ்டில், டாங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்றார் அதிபர் ஜான்சன். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் அன்று அவர் கேட்டபடி தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 416, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட் அவையில் 88க்கு 2. அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்திய வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கர் மட்டும் 58,000க்கு மேல். வியட்நாம் மக்களின் சாவோ பல இலட்சம்.

சுட்டபின் விழித்தார்கள். 1973இல் நிக்சனின் மறுப்பை மீறிப் போர் அதிகாரச் சட்டம் இயற்றினார்கள். ஒப்புதலின்றித் தொடங்கிய சண்டையை 60 நாளில் நிறுத்தவேண்டும் என்றது அது. என்ன ஆயிற்று? 2011இல் லிபியாமீது குண்டு பொழிந்தது ஒபாமாவின் அரசு. 60 நாள் கடந்தது. அப்போது சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? இது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே அல்லவாம்! வானிலிருந்து வீழ்ந்த குண்டுகள் பூமாரி போலும்! சனநாயகக் கட்சிக்காரர் செய்தால் சிறுபிழை, குடியரசுக் கட்சிக்காரர் செய்தால் பெருங்குற்றம் என்று இரண்டு தராசு வைத்திருப்போர்க்கு இது கசக்கும். 2025 சூனில் ஈரானின் அணுநிலையங்களை டிரம்ப் தாக்கினார். மன்றத்தின் ஒப்புதல் பெறவில்லை. அவரைத் தடுக்கும் தீர்மானம் செனட் அவையில் 47க்கு 53 என்று வீழ்ந்தது.

அடுத்து, நெருக்கடி நிலை. 1976இல் அதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். அதிபர் நெருக்கடி அறிவிக்கலாம். இரு அவைகளும் வேண்டாமென்றால், அவர் கையெழுத்து இல்லாமலே அது முடிவுக்கு வரும். நல்ல பூட்டு! ஆனால், கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை நாடு கடத்தும் வழக்கில், 1983இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதிபரின் முன் வைக்காமல், அவைத் தீர்மானத்தால் மட்டும் நிர்வாகத்தின் முடிவை மாற்ற முடியாது என்றது. மாணவர் தப்பினார், பூட்டு தப்பவில்லை. நெருக்கடியை நீக்கும் தீர்மானமும் இனி அதிபரிடமே செல்லவேண்டும் என்று 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அவர் மறுத்தால் இரு அவையிலும் மூன்றில் இரு பங்கு வேண்டும். திருடனைப் பிடிக்கத் திருடனிடமே அனுமதிச்சீட்டு!

இதன் பலன் 2019இல் வந்தது. எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்டது 570 கோடி டாலர். மன்றம் தந்தது 137.5 கோடி. உடனே நெருக்கடி நிலை அறிவித்தார். படைத்துறைக் கட்டடங்களுக்கான பணத்தில் 360 கோடியைச் சுவருக்குத் திருப்பினார். இரு அவைகளும் கூடாது என்றன. செனட் அவையில் அவர் கட்சியினரே 12 பேர் எதிர்த்தனர். அவர் தம் மறுப்பதிகாரத்தை வீசினார். அதை முறியடிக்கப் பிரதிநிதிகள் அவையில் அன்று 286 வாக்கு வேண்டும், கிடைத்தது 248. பெரும்பான்மை ஒரு பக்கம். பணமும் அதிகாரமும் மறுபக்கம்!

அந்த நாட்டில் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்பாய். இல்லை. 1952இல் எஃகு ஆலைகளை ட்ரூமன் கைப்பற்றியபோது, கூடாது என்று உச்சநீதிமன்றம் 6க்கு 3 எனத் தீர்த்தது. அந்த அறுவரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். 1974இல், ஒலிநாடாக்களை ஒப்படை என்று நிக்சனுக்கு ஆணையிட்ட எட்டு நீதிபதிகளில் மூவர் அவர் அமர்த்தியவர்கள். அவரிடம் நேரில் சென்று, உம்மைக் காக்க வாக்கு இல்லை என்று உணர்த்தியவர்கள் அவர் கட்சித் தலைவர்களே. மறுநாள் பதவி விலகலை அறிவித்தார். அதே நீதிமன்றம் 2024இல், பதவியின் மைய அதிகாரங்களைக் கொண்டு அதிபர் செய்யும் செயலுக்குக் குற்ற வழக்கே கிடையாது என்று 6க்கு 3 எனச் சொன்னது. பின்னையது ஐம்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த மாற்றம்.

இங்கேதான் தோழா, நாம் நிதானிக்க வேண்டும். நாமும் கட்சிக்காரர்கள். கட்டுப்பாட்டைப் பெருமையாகச் சொல்பவர்கள். ஆனால் நம் நாட்டில் அமைச்சரவை சட்டமன்றத்தின் மடியில் பிறந்தது. பெரும்பான்மை போனால் அது வீட்டுக்குப் போகும். அமெரிக்க அதிபரோ மன்றம் வெறுத்தாலும் நான்காண்டு அமர்ந்திருப்பவர். அவருக்குக் கடிவாளம் போடவேண்டியவர்களே அவர் தேரை இழுக்கக் கிளம்பினால், கடிவாளம் எங்கே போகும்?

ஏன் இழுக்கிறார்கள்? கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமை அல்ல, தொகுதியில் நடக்கும் உட்கட்சித் தேர்தல். அதிபரின் அன்பர்கள் திரண்டு வந்து வாக்களிக்கும் களம் அது. எதிர்க்கட்சிக்காரனிடம் தோற்பதற்குமுன், சொந்த வீட்டு முற்றத்திலேயே சாய்த்துவிடுவார்கள். 2021 சனவரியில் டிரம்பின்மீது குற்றம் சாட்ட வாக்களித்த அவர் கட்சியினர் பத்துப் பேர். 2022இல் நால்வர் மீண்டும் நிற்கவில்லை. நால்வர் உட்கட்சித் தேர்தலில் வீழ்ந்தனர். இருவர் மட்டுமே மன்றம் திரும்பினர்.

1964இல் ஜான்சனுக்கு எதிராக எழுந்த அந்த இரண்டு செனட்டர்கள் அவருடைய கட்சியினரே. ஆரிகனைச் சேர்ந்த வெய்ன் மோர்சு. அலாசுகாவைச் சேர்ந்த எர்னெசுட்டு குரூனிங். 1968 தேர்தலில் மோர்சு தோற்றார். குரூனிங்கைச் சொந்தக் கட்சியே உட்கட்சித் தேர்தலில் கழித்துவிட்டது. அந்த ஆண்டு வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து இலட்சத்துக்கு மேல்.