தருமம் வேண்டாம், பங்கு போடுவோம்!



பிள்ளையின் படிப்புக்கோ வீட்டில் ஓர் ஆபரேஷனுக்கோ பணம் வேண்டுமென்றால் நாம் யாரிடம் போகிறோம்? வங்கிக்குப் போனால், சொந்த வீடு உண்டா, சம்பளச் சீட்டு உண்டா, ஜாமீன் யார் என்று கேட்கிறார்கள். தினக்கூலிக்குப் போய், வாடகைக் குடிசையில் இருக்கும் குடும்பத்திடம் இதில் ஒன்றும் இல்லை. ஆகவே வட்டிக்காரனிடம் போகிறோம். நூற்றுக்கு மாதம் பத்து வட்டி! பத்தே மாதத்தில் வட்டி முதலை எட்டிவிடுகிறது. முதலோ அப்படியே நிற்கிறது.

"பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்துச் சங்கத்துக்கு நிதி வாங்குவோம்" என்கிறார்கள் சிலர். வேண்டவே வேண்டாம்! இன்று பணம் தருபவர் நாளை மேடையில் நடு நாற்காலி கேட்பார். அடுத்த தேர்தலில் நம் ஓட்டைக் கேட்பார். அவருடைய வேலைத்தளத்தில் கூலித் தகராறு வந்தால், நம் சங்கம் வாய் திறக்குமா?

1974-இல் அகமதாபாத்தில் 'சேவா' தொழிற்சங்கத்துப் பெண்கள் 4,000 பேர் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், பழந்துணி வியாபாரிகள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று தடை கிளம்பியது. முன்னின்ற பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். போய்க் கையெழுத்தும் போட்டார்கள். அந்த வங்கி இன்றும் நடக்கிறது.

அதே குஜராத்தில் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் போட்டார்கள். அந்தப் பணத்தில் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படம் 1976-இல் வெளிவந்தது. தங்கள் கதையைத் திரையில் காண அவர்கள் எந்த முதலாளியின் கதவையும் தட்டவில்லை.

"சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போனதை மறந்தீரா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. கூட்டுறவு என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. 2019-இல் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கடனை வாரிக் கொடுத்து, அதை மறைத்திருந்தது வெளிப்பட்டது. பணம் போட்டவர்கள் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தெருவில் நின்றார்கள். பயந்து ஒதுங்குவதா இதற்குப் பாடம்? விழித்திருந்து கணக்குக் கேட்பதே பாடம்!

ஆகவே, நமக்கென ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்வோம். ஒருவரிடம் ஒரு பங்கு இருந்தாலும் நூறு பங்கு இருந்தாலும் அங்கே ஒரே ஓட்டுத்தான். மாதந்தோறும் வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வீட்டுக் கடனின் வலி அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறரிடம் கையேந்திப் பழகிய சங்கம், உரிமைக்காகக் கை உயர்த்தாது. பங்கு போடுங்கள், கணக்குக் கேளுங்கள்!