முதல் டிக்கெட்

நாமக்கல்காரன் ஒருவனைப் பிடித்து, இந்தியாவில் ஏதாவது ஓர் ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். எந்த பைபாஸில் திரும்புவது, எந்த தாபாவில் சாப்பிடுவது என்பது வரை சொல்வான். லாரி ஊர், ஸார்! நாடு பூராவும் லாரி அனுப்புகிற அந்த ஊருக்கு ரயில் வந்தது எப்போது தெரியுமா? 2013 மே மாதம்! சேலம் - கரூர் பாதை, சுமார் 85 கிலோமீட்டர். அதுவரை ரயில் ஏற வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும்.

ரயில் விட்ட புதிதில் எங்கள் அம்மாயி ஆரம்பித்துவிட்டார். ‘‘கண்ணு, நானும் ஒருக்கா ஏறிப் பாத்தர்றேன் சாமி.’’

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ‘‘அடுத்த ஞாயித்துக்கிழமை போலாம் அம்மாயி’’ என்றேன். அப்படி நாலு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. ஐந்தாவது வாரம் அம்மாயி கேட்கவில்லை. காலையிலேயே நல்ல சேலை கட்டி, தூக்குப்போசியில் புளிச்சோற்றோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்ன செய்ய?

பெட்டி வாசலில் செருப்பைக் கழற்றினார். ‘‘செருப்போடவே ஏறலாம் அம்மாயி.’’

‘‘அட போ கண்ணு, கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கறாங்க!’’ செருப்பு மடிக்குப் போயிற்று.

வண்டி நகர்ந்ததும் என் கையைப் பிடித்தார். காட்டு வேலை செய்து காய்த்துப் போன கை. லேசாக நடுங்கியது. களங்காணி தாண்டியதும் பிடி தளர்ந்தது. ராசிபுரத்துக்குள் எதிர் சீட்டுக்காரரிடம், எந்தக் காட்டில் என்ன வெள்ளாமை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மல்லூர்ப் பக்கம் ரோட்டில் ஒரு லாரி கூடவே ஓடி வந்து, பின்தங்கியது. கைகொட்டிச் சிரித்தார். ‘‘உங்கப்புச்சி இருந்தா கோவிச்சுக்குவாரு!’’

அப்புச்சி லாரி டிரைவர். அதன் பிறகு சேலம் வரை அம்மாயி பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால், என் முதல் ரயில் பயணம் எனக்கு ஞாபகமே இல்லை. முதல் சம்பளக் கவரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தபோது, பிடித்தம் போக எவ்வளவு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். முதல்முறை எதைச் செய்தாலும் நமக்குப் பதற்றம்தான் மிச்சம். அதை முழுசாகப் பார்க்கிறவர் பக்கத்தில் நிற்கிறவர். நான் முதல் அடி எடுத்து வைத்தது எனக்கா தெரியும்? அம்மாவுக்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் அம்மாயி போய்விட்டார். சுருக்குப் பையைப் பிரித்தால் கொட்டைப்பாக்கு, கொஞ்சம் சில்லறை, நாலாக மடித்த அந்த ரயில் டிக்கெட். அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளை நாற்பதாக்கியிருந்தால்? கணக்கு எழுதுகிறவனுக்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சேலம் காமலாபுரத்துக்கு 2023-ல் மறுபடி விமானம் வர ஆரம்பித்ததிலிருந்து அம்மா அடிக்கடி கேட்கிறார்: ‘‘ஏங்கண்ணு, பிளேன்ல ஏறுனா காது அடைக்குமாமே?’’ ஏதோ பொது அறிவுக் கேள்வி என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் மண்டையில் உறைத்தது.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜன்னல் சீட் அம்மாவுக்கு. கையைக் கொடுக்கப் பக்கத்து சீட்டில் நான். செருப்பைக் கழற்றினால் இந்த முறை தடுக்க மாட்டேன்.